சைகோன் களிம்பு

பாகூர், 22 ஜனவரி 1934

கனகு,

உன் படம் வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே அட்டை மாதிரி தட்டுப்படுகிறதே, அது என்னவென்று பார்க்காமல் அவருக்குக் கால் நகராது. பிரித்துக் காட்டினேன். "யாரும்மா இது, துரைசானி கணக்கா கீறாங்க" என்றார். நம்ம கனகாம்பாள்தான், சைகோன் போனவள் என்றேன். நம்பாமல் போனார்.

அத்தை படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் போய்வந்தார்கள். "என் பொண்ணு இன்னா செவப்பு ஆயிட்டா பாத்தீங்களா. கடல் தாண்டினா நெறமே மாறிடும்போல கீது." உன் அண்ணன் கரும்பு வெட்டிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். அவர் எதற்குத்தான் வாய் திறந்தார்.

உன்னிடம் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீயும் நானும் ஒரே கறுப்பு. வில்லியனூரில் உன் மாமா வீட்டில் தங்கி நீ படித்த காலத்தில், மடத்துப் பள்ளிக்கூடத்து மதர் எது தையலம்மாள், எது கனகாம்பாள் என்று தெரியாமல் நம்மை மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார்கள். உனக்கு விழ வேண்டிய அடியை நான் வாங்கியிருக்கிறேன். இப்போது நீ மட்டும் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்.

பொங்கலுக்கு வந்த உன் பெரியம்மா என் எதிரிலேயே அத்தையிடம் சொன்னார்கள்: "நாத்தனாக்காரி வெளுத்துட்டா, மருமவ அப்டியே கீறா. அரங்கநாதனுக்கு இன்னும் கொஞ்சம் செவப்பா பாத்திருக்கலாம்." அத்தை சிரித்தார்கள். பெரியம்மா சொன்னதுகூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ முகத்துக்கு என்ன பூசுகிறாய்? யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்பு.

குழந்தை விஜயா உன் படத்துக்கு முத்தம் கொடுத்து எச்சிலாக்கி வைத்திருக்கிறாள்.

தையலு


சைகோன், 19 பிப்ரவரி 1934

என் தையலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கிப் போய்விட்டது. இங்கே பால் கிடைப்பதே அரிது, அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். அடி பைத்தியமே, நான் எதையும் பூசவில்லை. படம் எடுத்தவர் ஒரு சீனக்காரர். எடுத்து முடித்ததும் ஒரு சின்னத் தூரிகையை வைத்துக்கொண்டு கண்ணாடித் தகட்டில் என் முகத்தை வெளுப்பாக்கினார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாராம், செய்யாவிட்டால் சண்டைக்கு வருகிறார்களாம். உன் நாத்தனார் இன்றைக்கும் அதே அடுப்புக்கரிதான். வேண்டுமானால் இவரைக் கேள். இவர் துறைமுகத்துச் சுங்க ஆபீசில் நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வந்து, விளக்கு ஏற்றவில்லை என்றால் நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று தேடுகிறார்.

முகத்துக்குப் பூசுவது என்று எழுதினாயே, அதிலிருந்து எனக்கு வில்லியனூர் வாய்க்கால்தான் கண்ணில் நிற்கிறது. மதகுக்குக் கீழே அந்தச் சொரசொரப்பான கல்லில் மஞ்சளை உரசுவோம். உன் அம்மா ஒரு கிழங்குதான் தருவாள், அதற்கு நாம் அடித்துக்கொள்வோம். முதுகில் நீ எனக்குப் பூசி, நான் உனக்குப் பூசி, தண்ணீர் மஞ்சளாக ஓடுவதைப் பார்த்து அடுத்த படித்துறையில் துவைப்பவர்கள் திட்டுவார்கள். இங்கேயும் கடையில் மஞ்சள் கிடைக்கிறது. உரசக் கல் இல்லை. இருந்தாலும் முதுகு தேய்க்க யார் இருக்கிறார்கள். இந்த ஊர் ஆறு பெரிய ஆறுதான், கப்பலே உள்ளே வருகிறது, ஆனால் அதில் இறங்கிக் குளிக்க எனக்கு மனசு வரவில்லை.

பாகூர் ஏரி நிரம்பியதா? அறுப்பு எப்படி? வெல்லம் காய்ச்சும்போது கொப்பரை ஓரத்தில் ஒட்டுவதைச் சுரண்டி விஜயாவுக்குக் கொடு, என் பங்கையும் சேர்த்து. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டேன். பெரியம்மா பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. அண்ணனுக்கு உன்னைக் கட்டிவைக்க ஒற்றைக் காலில் நின்றவள் நான். என்னைவிடச் சிவப்பான பெண்ணாகப் பார்த்திருந்தால் நான் யாரோடு பேசியிருப்பேன்.

கனகு


பாகூர், 20 மார்ச் 1934

கனகு,

சீனக்காரன், தூரிகை, கண்ணாடித் தகடு. நல்ல கதை. விஜயாவுக்குச் சொன்னேன், அவள்கூடச் சிரித்தாள்.

இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுதியிருக்கலாம். இன்னாசிமுத்து என்று ஒருவர் உங்கள் ஊரிலிருந்து போன வருஷம் லீவில் அரியாங்குப்பம் வந்தாரே, அவர் சம்சாரம் முகம் வழித்து எடுத்த வெண்ணெயாக இருக்கிறது. அங்கே களிம்பு விற்கிறார்களாம், அவளே சொன்னாள். அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு வாய் இல்லையா? உன்னிடம் கேட்டேனே, அதுதான் என் புத்தி.

ஒரு மஞ்சள் கிழங்கைப் பாதியாக உடைத்துக் கொடுத்தவள் நான். அதையும் நீயே ஞாபகமாக எழுதுகிறாய்.

தையலம்மாள்


சைகோன், 16 ஏப்ரல் 1934

கோபக்காரி தையலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே கடைக்குப் போனேன். துணைக்கு ரோசம்மாளையும் கூட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி, இன்னாசிமுத்துவின் அண்ணி, அரியாங்குப்பத்துப் பெண். கடைக்காரியிடம் வெளுக்கிற களிம்பு எது என்று கேட்டதற்கு, எல்லாரும் வாங்குவது இதுதான் என்று ஒரு வெள்ளைப் பீங்கான் டப்பியை எடுத்துவைத்தாள். மூடியில் ரோஜாப்பூ. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு இரண்டு டப்பி வாங்கினேன். ரோசம்மாள் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள். எனக்கு வாங்கவில்லை. இங்கே என் முகத்தைப் பார்க்க யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னாசிமுத்து மறுபடி ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். சீனக்காரன் கதை நிஜம். நீ நம்பாவிட்டால் போ. ஆனால் உன் கடிதத்தின் அடியில் "தையலம்மாள்" என்று முழுப் பெயரையும் பார்த்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் அப்படிக் கையெழுத்துப் போடாதே.

கனகு


பாகூர், 11 ஜூன் 1934

என் தங்கமே,

டப்பி வந்து, பூசி, வெளுத்து, ஊர் கண் பட்டு, சுற்றிப் போட்டும் ஆகிவிட்டது. நீதான் தாமதமாகக் கேட்கிறாய்.

வில்லியனூர்த் தேருக்குப் போயிருந்தோம். கவர்னர் துரை வந்து வடத்தைத் தொட்டார், மேளம் கொட்டினார்கள், எல்லாம் வழக்கம்போலத்தான். நீயும் நானும் சின்ன வயதில் அந்த வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று கூட்டத்தில் நுழைந்து, உன் பாவாடை கிழிந்து, என் பாவாடையை இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோமே, அதே மூலையில்தான் நின்றேன். நம்மோடு படித்த பெண்கள் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அடையாளம் தெரியாமல் போனதற்குச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

காலையும் சாயங்காலமும் பூசுகிறேன். முகம் மட்டும் வெளுத்து, கழுத்து கறுப்பாக நின்றால் முகமூடி போட்டதுபோல் இருக்கிறது, அதனால் கழுத்துக்கும் மார்புக்கும் சேர்த்துப் பூசுகிறேன். மஞ்சளை விட்டுவிட்டேன். மஞ்சளும் இதுவும் சேர்ந்தால் சேற்று நிறம் வருகிறது. அத்தைக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. "மஞ்சள் பூசாத மூஞ்சி ஒரு மூஞ்சியாடி" என்கிறார்கள். சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டில் என் நிறத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள், எனக்குக் காது கேட்கும்.

கொஞ்ச நாளாக வாயில் செப்புக் காசை வைத்துக்கொண்டதுபோல் ஒரு ருசி. பல் ஈறு இரத்தம் கசிகிறது. தூக்கமும் சரியில்லை. வெயில் சூடுதான், இளநீர் குடித்தால் சரியாகும்.

உன் தையலு


வில்லியனூர், 20 ஆகஸ்ட் 1934

கனகு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். அம்மா வீட்டில் இருக்கிறேன். விருந்துக்கு வரவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

என் தாலி வெளுத்துவிட்டது. குளித்துவிட்டு ஈரத்தோடு குனிந்து பார்க்கிறேன், தங்கம் ஈயம் பூசின பாத்திரம்போல் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சாதம் போடக் குனிந்தபோது அத்தை கண்ணில் பட்டுவிட்டது. கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டார்கள்.

முதலில் தாலி செய்த பத்தர்மேல் சந்தேகம். அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "வெள்ளியக் கலந்துட்டியா, ஈயத்தக் கலந்துட்டியா" என்று தெருவே கூடும்படி கேட்டார்கள். கழுத்தில் இருக்கும் தாலியைக் கழற்றவும் முடியாது, அவர் தொட்டுப் பார்க்கவும் முடியாது. தள்ளி நின்று பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "என் கைத் தங்கத்தத் திருட்டுத் தங்கம்னு சொன்ன வூட்டுக்கு இனிமே நான் ஊதுகுழல் எடுக்க மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கத்தில் குற்றம் இல்லை என்றால் வேறு எதில் குற்றம்? அத்தை அதைச் சொல்லவில்லை, இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தார்கள். உன் அப்பா போவதற்கு முன்னால் ஏரியில் குளிக்கும்போது அத்தையின் தாலிக் கயிறு அறுந்துவிட்டதாமே, அது உனக்குத் தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "எனக்குப் புள்ள ஒருத்தன்தான் கீறான். நீ கெட்டவள்னு நான் சொல்லல. அவனுக்கு இந்தக் கண்டம் தாண்டற வரைக்கும் நீ அவன் பக்கத்துல இருக்க வேணாம். கொழந்த என்கிட்டியே இருக்கட்டும்." அழுதுகொண்டே சொன்னார்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

உன் அண்ணன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். வழி முழுக்க மாட்டிடம்தான் பேசினார். விஜயா வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தாள், அவளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

எனக்கு என் வீட்டுக்குப் போக வேண்டும், கனகு. உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னால் கேட்பார்கள்.

தையலு


சைகோன், 17 செப்டம்பர் 1934

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. காய்ச்சலா, இருமலா, வயல் வேலைக்குப் போகிறாரா, ஒன்றும் தெரியாமல் நான் இந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். மாட்டிடம் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் வாய்க்காலுக்குப் போனவரை மத்தியானம் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கயிறு அறுந்த விஷயம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அம்மா இத்தனை வருஷம் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள் என்றால், அவள் பயப்படுவதில் தப்பு என்ன? எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

மஞ்சளை ஏன் விட்டீர்கள்? அம்மா சொன்னபோதே கேட்டிருக்கலாம். வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அம்மா சொல்கிறவரைக்கும் பொறுமையாக அங்கேயே இருங்கள். நான் அம்மாவுக்கு எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கனகாம்பாள்


வில்லியனூர், 15 அக்டோபர் 1934

அம்மணி கனகாம்பாளுக்கு,

உங்கள் அண்ணன் நன்றாக இருக்கிறார். கல் மாதிரி இருக்கிறார். வாரச் சந்தைக்கு வருகிற சாக்கில் இங்கே வந்து, எங்கம்மா போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கிணற்றடியில் உட்கார்ந்திருந்து போகிறார். விஜயா ஞாபகமாகக் கேட்கிறாளா என்றால் தலையாட்டுகிறார். போன தடவை கிளம்பும்போது, "அம்மாவுக்கு நானும் சொல்லிப் பாத்துக்கினுதான் கீறன்" என்றார். அதுவே அவருக்குப் பெரிய பிரசங்கம்.

அண்ணி என்று எழுதினாய். கல்யாணத்து அன்றைக்குக்கூட நீ என்னை அப்படிக் கூப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லை எங்கம்மாவிடம் படித்துக் காட்டாமல் தாண்டிவிட்டேன்.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கை நடுங்குகிறது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் பாதி என் மேலேயே சிந்துகிறது. கோலம் போட உட்கார்ந்தேன், புள்ளி வைத்த இடத்தில் மாவு நிற்கவில்லை, அம்மா வாங்கிக்கொண்டு தானே போட்டுவிட்டாள். முகம் நன்றாக உப்பியிருக்கிறது. அம்மா வீட்டுச் சோறு, சதை போட்டிருக்கிறாய் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. கோபம் போனதும் அழுகை வருகிறது.

இரண்டாவது டப்பி பாதி ஆகிவிட்டது. விட்டால் முன்னைவிடத் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடுகிறது, அதனால் மூன்று வேளையும் பூசுகிறேன். உன் பெரியம்மா அத்தை காதில் ஏதோ ஒரு பெண்ணைப் பற்றி ஓதிக்கொண்டிருக்கிறாளாம், நல்ல சிவப்பாம். உன் அண்ணன் வரும்போது என் முகமாவது நன்றாக இருக்கட்டும். இப்போது என் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

தையலம்மாள். முழுப் பெயர்தான்.


சைகோன், 9 நவம்பர் 1934

தையலு, என் தையலு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் தந்தி வந்திருக்க வேண்டும். நேற்று இவரை ஆபீசிலிருந்து வரவழைத்து, பாகூருக்கு அண்ணன் பெயருக்குக் கொடுக்கச் சொன்னேன். தந்தி போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்துச் சொன்னார்களா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். அது எப்படியானாலும் சரி, இந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் அந்தக் களிம்பைக் கொட்டிவிடு. கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதை. அதில் பாதரசம் இருக்கிறது.

ரோசம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். முகமும் காலும் வீங்கி, ஈறு புண்ணாகி, கை நடுங்கி, வாயில் செப்பு ருசி என்று ஒரே புலம்பல். துணைக்கு நான்தான் போனேன். டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். அவளுடைய கல்யாண மோதிரம் வெள்ளையாக இருந்தது. வெள்ளி மோதிரமா என்று கேட்டார். தங்கம் என்றாள். முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்றார். டப்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆபீசிலிருந்து வந்து சேர்ந்த இவரிடம் பிரெஞ்சில் விளக்கிச் சொன்னார். தோலை வெளுப்பாக்குவதே பாதரசம்தானாம். அது தங்கத்தில் பட்டால் தங்கத்தோடு ஒட்டி வெளுத்துவிடுமாம். தோல் வழியாக இரத்தத்தில் இறங்கி நரம்பைக் கெடுக்குமாம், சிறுநீர் பிரிக்கிற உறுப்பைக் கெடுக்குமாம், உடம்பு நீர் கோத்துக்கொள்ளுமாம். உயிருக்கே ஆபத்து என்றார்.

தங்கம் என்று அவர் சொன்னதும் எனக்கு உன் தாலிதான் தெரிந்தது. கழுத்துக்கும் மார்புக்கும் பூசுகிறேன் என்று எழுதினாயே. வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் அக்டோபர் கடிதம் வந்திருக்கிறது. ரோசம்மாள் படுகிற எல்லாமே அதில் வரிசையாக இருக்கிறது.

அண்ணனுக்குக் கண்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்டம் உனக்குத்தான் இருந்தது, தையலு, அதை உன் கழுத்திலேயே வைத்துக்கொண்டு நீ காட்டிக்கொண்டிருந்தாய், நாங்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணி என்று எழுதிய அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. நீ கறுப்பாக இரு, கோபக்காரியாக இரு, எனக்கு முழுப் பெயரில் கையெழுத்துப் போடு, என்ன வேண்டுமானாலும் செய், இருந்தால் போதும். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போ.

பதில் வருகிற கப்பல்வரைக்கும் எனக்கு மூச்சு விடத் தெரியாது.

உன் கனகு


பாகூர், 6 ஜனவரி 1935

கனகு,

ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? மறுபடி பார். பாகூர்தான்.

உன் தந்தி செய்த கூத்தைக் கேள். உன் அண்ணன் அன்றைக்குப் பேசிய பேச்சு அவர் ஆயுசுக்கும் போதும், அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். தந்திக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "சைகோன்லேர்ந்து தந்தி" என்றார். அவ்வளவுதான். நம் ஊரில் தந்தி என்றால் சாவு. உறையைப் பிரிக்கவே இல்லை, அத்தை "கனகூ" என்று ஒரே குரலாக மார்பில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். உன் படத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தாயிற்று. பிரெஞ்சு தெரிந்தவர் வேண்டுமே, உன் அண்ணன் மேரி முனிசிபல் ஆபீசுக்கு ஓடி, குமாஸ்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர் பிரித்ததும் நடுவில் இருந்த "உயிருக்கு ஆபத்து" என்றதுதான் முதலில் கண்ணில் பட்டது போலிருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். ஒப்பாரி இரட்டிப்பானது.

பிறகு கையமர்த்திவிட்டு முதலிலிருந்து படித்தார். தையலம்மாள் களிம்பை நிறுத்த வேண்டும், அதில் பாதரசம், தங்கம் வெளுத்தது அதனால்தான், உயிருக்கு ஆபத்து, உடனே வைத்தியம், கனகாம்பாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்களாம். அத்தை எழுந்து உட்கார்ந்து, "அப்போ என் பொண்ணு உயிரோட கீறாளா" என்றார்கள். இருக்கிறார்கள் என்றார் குமாஸ்தா. "அப்போ யாருக்கு ஆபத்து?" அத்தை அவிழ்ந்த கூந்தலைக்கூட முடியாமல், "வண்டியப் பூட்டுடா" என்றார்களாம்.

மழை கொட்டுகிறது, சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். அந்த மழையில் அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். நான் மூன்றாம் வேளைப் பூச்சுக்கு டப்பியைத் திறந்துகொண்டிருந்தேன். என் முகத்தை ஒரு முறை பார்த்தார்கள். டப்பியை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். அதே கையோடு என்னையும் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், சீயக்காய் போட்டு என் முகம், கழுத்து, மார்பு எல்லாவற்றையும் தோல் உரியும்படி தேய்த்துக் கழுவினார்கள். குழந்தையைக் கழுவுகிற மாதிரி. "எரியுதா? எரியட்டும்டி, எரியட்டும்" என்று சொல்லிக்கொண்டே அழுதார்கள்.

அங்கிருந்து நேராகப் புதுச்சேரி ஆஸ்பத்திரி. நல்ல வேளைக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். வீக்கம் வடிந்து வருகிறது. ஈறு ஆறிவிட்டது. தாலியையும், விரதம் இருந்து, நல்ல நாள் பார்த்து, கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு கழற்றிக் கொடுத்தோம். அத்தை பத்தர் வீட்டு வாசலில் நின்று, அதே தெரு கேட்கும்படி, "தப்பு என்மேலதான்" என்றார்கள். அவர் நெருப்பில் காட்டினார், மஞ்சள் திரும்பிவிட்டது. ரோசம்மாள் எப்படி இருக்கிறாள்? அவளுக்காக அத்தை வில்லியனூர் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இன்னாசிமுத்துவின் சம்சாரத்திடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் உன் அண்ணன், அவராகவே, வாயைத் திறந்து.

விஜயா முதல் இரண்டு நாள் என்னிடம் வரவில்லை. வேறு யாரோ என்று நினைத்தாள். மூன்றாம் நாள் என் குரலைக் கேட்டு வந்தாள். இப்போது சேலைத் தலைப்பை விடுவதில்லை.

கை நடுக்கம் மட்டும் போகவில்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். உனக்கு எழுத முடியவில்லையே என்று நான் உட்கார்ந்து அழுததைப் பார்த்து, அத்தை வந்து பக்கத்தில் அமர்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் புடிச்சிக்கிறேன், நீ எழுது" என்றார்கள். முதல் வரியிலிருந்து இதுவரைக்கும் இப்படித்தான் எழுதுகிறேன். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் "இப்போ இன்னா எழுதின" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லவில்லை.

இப்போது உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"கனகு, தந்தி வந்தப்போ நீ போயிட்டேன்னு நெனச்சி மார்ல அடிச்சிக்கினேன். அப்புறம் வண்டியில வரும்போதுதான் என்னையே நான் கேட்டுக்கினேன். கண்ணால பாக்காத பொண்ணுக்கு இந்த அழுகை அழுதியே, கூடவே இருந்த பொண்ண நீயேதானடி வூட்ட விட்டு அனுப்பினியேன்னு."

இந்த இடத்தில் எழுத்து அதிகமாகக் கோணியிருந்தால் என்னைத் திட்டாதே. நடுங்கியது அவர்கள் கை.

தையலு